சூடானதும் நின்றுபோகும் காமன் ரயில் லாரி: சென்சார் வாங்கும் முன் எதை அளக்க வேண்டும்

கேள்வி இது: 2012 மாடல், பிஎஸ்3, ஆறு சிலிண்டர் காமன் ரயில் இன்ஜின் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயில் டீசலை அழுத்தத்தோடு சேர்த்துவைக்கும் வகை), 24 வோல்ட் லாரி. லோடோடு இரண்டு மணி நேரம் ஓடி நன்றாகச் சூடானதும் திடீரென்று ஆஃப் ஆகிறது. அரை மணி நேரம் விட்டால் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. ஸ்கேனரில் 157/18, 190/2 என்று இரண்டு கோட். மெக்கானிக் ரயில் பிரஷர் சென்சாரை மாற்றினார், கோளாறு போகவில்லை. அடுத்து எந்த சென்சாரை மாற்றலாம்?

இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். ஸ்கேனர் காட்டும் கோட் எந்த சுற்றில் சந்தேகம் என்று மட்டும்தான் சொல்கிறது. அந்தச் சுற்றில் சென்சார் இருக்கிறது, இரண்டு மூன்று வயர் இருக்கிறது, இரண்டு கப்ளர் (வயர்களை இணைக்கும் பிளக்) இருக்கிறது, எர்த் இருக்கிறது, கடைசியில் ஈசியு, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் இருக்கிறது. பழைய வண்டியில் சென்சாரைவிட வயரும் கப்ளரும்தான் அதிகம் கெட்டுப்போகின்றன.

முதலில் கோடைப் படிக்கும் முறை. 157/18 என்பதில் முதல் எண் எஸ்பிஎன், அதாவது எந்த அளவு. 157 ரயில் பிரஷர், 190 இன்ஜின் வேகம், 110 கூலன்ட் சூடு, 102 பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்), 105 மேனிஃபோல்டு காற்றின் சூடு, 100 ஆயில் பிரஷர், 91 ஆக்ஸிலரேட்டர் பெடல். இரண்டாவது எண் எஃப்எம்ஐ, அதாவது என்ன விதமான கோளாறு. பலர் இதைப் பார்ப்பதே இல்லை, ஆனால் விஷயமே இதில்தான் இருக்கிறது. 3 என்றால் சிக்னல் வோல்ட் அளவுக்கு மேல், 4 என்றால் அளவுக்குக் கீழ். இந்த இரண்டும் சென்சார், வயர், கப்ளர் பக்கம். 2 என்றால் சிக்னல் விட்டு விட்டு, தாறுமாறாக வருகிறது. 0, 16 என்றால் அளவு நிஜமாகவே அதிகம். 1, 18 என்றால் நிஜமாகவே குறைவு. பி-கோட் காட்டும் ஸ்கேனரிலும் இதே வேறுபாடு உண்டு: பி0192, பி0193 வோல்ட் கோளாறு, பி0087 பிரஷரே குறைவு.

ஆகவே 157/18 வந்த வண்டியில் ரயில் சென்சார் வேலை செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது. பிரஷர் விழுந்தது, விழுந்ததை அது சொன்னது. உங்கள் வண்டியில் கவனிக்க வேண்டியது 190/2. இன்ஜின் வேகத்தை ஈசியுவுக்குச் சொல்வது கிராங்க் தண்டின் சென்சார். அந்த கிராங்க் சிக்னல் அறுந்தால் ஈசியு டீசல் அடிப்பதை நிறுத்திவிடும். இன்ஜின் வேகம் சரியும்போது பம்ப்பும் சரிந்து ரயில் பிரஷரும் விழும். அதனால் 157 என்பது 190-ன் பின்விளைவாகவும் இருக்கலாம். ஆனால் டீசல் வராமலேயே நின்றிருக்கவும் வாய்ப்பு உண்டு. இரண்டையும் பிரிக்கச் சரியான நேரம் வண்டி நின்ற முதல் ஐந்து நிமிடம். அரை மணி நேரம் கழித்து ஆறிய வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனால் எல்லா அளவும் சரியாகவே காட்டும்.

வண்டியில் மூன்று பொருள் வைத்துக்கொள்ளுங்கள்: சின்ன ஸ்கேனர் (நேரடி அளவுகளைக் காட்டும் வகை), டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு பாட்டில் தண்ணீரும் பழைய துணியும். வண்டி நின்றதும் ஓரம் கட்டி, பார்க்கிங் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு இதைச் செய்யுங்கள்.

சாவி போடுங்கள். செக் லைட் எரியவில்லை, ஸ்கேனரும் ஈசியுவோடு இணையவில்லை என்றால் சென்சாரை மறந்துவிடலாம். ஈசியுவுக்கே கரண்ட் போகவில்லை. மெயின் ரிலே, ஃப்யூஸ், ஈசியு எர்த் ஆகியவற்றைப் பாருங்கள். சூட்டில் கைவிடும் ரிலேக்கள் உண்டு.

லைட் எரிகிறது, ஸ்கேனரும் இணைகிறது என்றால் செல்ஃப் அடித்துக்கொண்டே ஆர்பிஎம் அளவைப் பாருங்கள். இன்ஜின் சுற்றும்போது 150 முதல் 200 வரை காட்ட வேண்டும். பூஜ்யத்திலேயே நின்றால் கிராங்க் சிக்னல் இல்லை. உடனே துணியை நனைத்து கிராங்க் சென்சார் மேல் சுற்றி வையுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் ஆறி, வண்டி பிடித்துக்கொண்டால் சென்சாரோ அதை ஒட்டிய கப்ளரோதான் குற்றவாளி.

ஆர்பிஎம் சரியாக வருகிறது, ஆனால் ரயில் பிரஷர் 60, 80 பாரைத் தாண்டவில்லை என்றால் கோளாறு டீசல் பக்கம். பெரும்பாலான காமன் ரயில் இன்ஜின்களுக்கு ஸ்டார்ட் ஆகவே 150 முதல் 200 பார் வேண்டும். இங்கே முதல் வேலை டேங்க் மூடியைத் திறப்பது. திறக்கும்போது உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. இன்னொன்று டேங்க்குக்குள் இருக்கும் உறிஞ்சு குழாயின் வலை. ஓட ஓடக் கசடு வலையில் வந்து அப்பிக்கொள்ளும், டீசல் வரத்து குறையும், வண்டி நிற்கும். நின்றபின் உறிஞ்சுதல் இல்லாததால் கசடு உதிர்ந்து அடியில் இறங்கிவிடும், வண்டி மறுபடி பிடிக்கும். இரண்டு மணி நேரம், அரை மணி நேரம் என்ற உங்கள் கணக்குக்கு இதுவும் அப்படியே பொருந்தும். இதைப் பார்க்காமல் பம்ப்பைக் கழற்றக் கூடாது. டேங்க்கும் வலையும் ஃபில்டரும் சுத்தமாக இருந்தும் சூட்டில் மட்டும் பிரஷர் ஏறவில்லை என்றால், சூடான டீசல் மெலிந்து இன்ஜெக்டர் ரிட்டர்ன் வழியாக ஒழுகுகிறது என்று சந்தேகிக்கலாம். ரிட்டர்ன் குழாய்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒரே அளவு பாட்டில்களில் விட்டு, எந்த இன்ஜெக்டர் அதிகம் கொட்டுகிறது என்று பாருங்கள். ரிட்டர்னை சிலிண்டர் ஹெட்டுக்கு உள்ளேயே சேர்த்துவிடும் இன்ஜின்களில் மொத்த ரிட்டர்னை அளந்து, கம்பெனி அளவோடு ஒப்பிட வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் இன்ஜின் ஓடும்போதே இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்தி, எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்ப்பது வழக்கம். காமன் ரயிலில் இதை ஒருபோதும் செய்யாதீர்கள். ஐடிலிங்கிலேயே 300 பார் அளவில் இருக்கும் டீசல் ஊசி போலத் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே கை அழுகிவிடும். பட்டால் கழுவிவிட்டு வேலையைத் தொடராமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இன்ஜினை நிறுத்திச் சில நிமிடம் கழித்து, ஸ்கேனரில் பிரஷர் பூஜ்யத்துக்கு வந்ததைப் பார்த்த பிறகே ஹைபிரஷர் பைப்பில் கை வைக்கலாம்.

இப்போது கிராங்க் சென்சார். உங்கள் வண்டியில் என் முதல் சந்தேகம் இதன்மேல்தான், காரணம் அந்த 190/2. இது இரண்டு வகை. சாவி போட்டு, சென்சார் கப்ளரைக் கழற்றி, வயர் பக்கத்தில் அளந்து பாருங்கள். மூன்று வயர் இருந்து ஒன்றில் 5 வோல்ட் வந்தால் அது ஹால் வகை (உள்ளே மின்னணுச் சில்லு இருப்பது). அதை ஓம் மீட்டரில் அளந்து பயனில்லை. இரண்டு வயர், அல்லது மூன்றில் ஒன்று ஷீல்டு (சிக்னல் வயரைச் சுற்றிய காப்பு உறை) என்றால் அது காயில் வகை. பாஷ் காயில் சென்சார்களில் பரவலாக இருக்கும் அளவு 20 டிகிரியில் சுமார் 860 ஓம், பத்து சதவீதம் முன்பின் இருக்கலாம். சென்சாரைக் கழற்றி ஹேர் டிரையரால் மெல்லச் சூடாக்கிக்கொண்டே மீட்டரைப் பாருங்கள். செம்புக் கம்பியின் ஓம் டிகிரிக்கு 0.4 சதவீதம் ஏறும், ஆகவே 90 டிகிரியில் 1,100 ஓம் பக்கம் வருவது இயல்பு. சீராக ஏறாமல் திடீரென்று குதித்தாலோ மீட்டர் ஓப்பன் காட்டினாலோ காயில் உள்ளே அறுந்திருக்கிறது. அந்தச் சென்சாரை ஆறவைத்து அளந்தால் மறுபடி 860 காட்டும். பட்டறையில் பாஸ் ஆகி ரோட்டில் ஃபெயில் ஆவது இதனால்தான்.

கழற்றிய கையோடு நுனியையும் பாருங்கள். உள்ளே காந்தம் இருப்பதால் இரும்புத் தூள் கரிய பசை போல ஒட்டி, மீசை மாதிரி சிலிர்த்து நிற்கும். ஃப்ளைவீல் ஹவுசிங்கில் பொருத்தியிருந்தால் கிளட்ச் தூசியும் சேரும். துணியால் துடைத்தால் போதும். நுனிக்கும் பல்லுக்கும் இடைவெளி பொதுவாக 0.5 முதல் 1.5 மில்லிமீட்டர், அடியில் வாஷர் இருந்தால் அதே வாஷரோடு மாட்டுங்கள். செல்ஃப் அடிக்கும்போது காயிலின் இரு முனைக்கும் இடையே மீட்டரின் ஏசி அளவில் குறைந்தது அரை வோல்ட்டாவது வர வேண்டும். வயர் அறுந்து ஒட்டுப் போட்டிருந்தால் இரண்டு வயரும் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறினால் சிக்னல் தலைகீழாகிவிடும். சென்சார் புதிதாக இருந்தாலும் வண்டி பிடிக்கச் சிரமப்படும், கேம் சென்சாரோடு (வால்வுகளை இயக்கும் கேம் தண்டின் நிலையைச் சொல்வது) ஒத்துப்போகவில்லை என்று கோட் வரும். ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்வதுதான் முறை. அறுத்து வெறும் டேப் சுற்றிவிட்டால் ஆல்டர்னேட்டரின் மின் இரைச்சலெல்லாம் சிக்னலில் ஏறும்.

கேம் சென்சார் கெட்டால் பல இன்ஜின்கள் ஓட்டத்தில் நிற்காது. அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது நீண்ட நேரம் சுற்றிப் பிடிக்கும். ஓடும்போது பட்டென்று நிற்பது பெரும்பாலும் கிராங்க் பக்கம்.

இனி மற்றவை. எந்த சென்சாரைத் தொடும் முன்னும் பேட்டரியும் எர்த்தும் சரியா என்று பார்க்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது இரண்டு பேட்டரியும் சேர்ந்து 19 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. போனால் ஈசியு குழம்பி, சம்பந்தமில்லாத கோட்களையெல்லாம் போடும். பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையில் மீட்டர் வைத்துச் செல்ஃப் அடித்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் எர்த் பட்டையைக் கழற்றித் துரு, பெயின்ட் சுரண்டி மாட்டுங்கள். வண்டி ஓடும்போது பேட்டரி முனைகளில் சார்ஜிங் 28 வோல்ட் பக்கம் இருக்கட்டும். அதே இடத்தில் ஏசி அளவில் அரை வோல்ட்டுக்கு மேல் வந்தால் ஆல்டர்னேட்டர் டயோடு போயிருக்கிறது. ஒன்றோடு ஒன்று சேராத ஐந்தாறு சென்சார் கோட் ஒரே நாளில் வந்தால் இந்த அளவுகள்தான் முதல்.

அதே போல ரயில், பூஸ்ட், பெடல் கோட்கள் ஒன்றாக வந்தால் 5 வோல்ட் சப்ளையைப் பாருங்கள். ஈசியு 4.75 முதல் 5.25 வோல்ட் வரை கொடுக்க வேண்டும். ஒரே சப்ளையைப் பல சென்சார்கள் பங்கிட்டுக்கொள்வதால் ஒன்று உள்ளே ஷார்ட் ஆனால் எல்லாமே படுத்துவிடும். மீட்டரை 5 வோல்ட்டில் வைத்துக்கொண்டு கப்ளரை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வருகிறதோ அதுதான். எதைக் கழற்றியும் வரவில்லை என்றால் வயர் எங்கோ பாடியில் தொடுகிறது. இந்த வயர்களில் பல்பு டெஸ்டர் வைக்கவே கூடாது. பல்பு இழுக்கும் கரண்ட்டை ஈசியு தாங்காது.

சூடு அளக்கும் சென்சார்களுக்கு விடிகாலையில் ஒரு சோதனை இருக்கிறது, செலவில்லாதது. இரவு முழுக்க நின்ற வண்டியில் ஸ்டார்ட் செய்யாமல் சாவி மட்டும் போட்டு, கூலன்ட், காற்று, டீசல் சூடுகளை ஸ்கேனரில் பாருங்கள். எல்லாம் இரண்டு மூன்று டிகிரிக்குள் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் விலகி நின்றால் அது பொய் சொல்கிறது. பாஷ் வகை கூலன்ட் சென்சாரின் ஓம் அளவு 20 டிகிரியில் 2,500, 40-ல் 1,170, 60-ல் 600, 80-ல் 320, 100-ல் 186 என்ற அளவில் இருக்கும். வயரையும் ஈசியுவையும் சோதிக்க, இரண்டு வயர் சென்சாரின் கப்ளரைக் கழற்றுங்கள். ஸ்கேனர் மைனஸ் 40 டிகிரி அளவில் காட்ட வேண்டும். பிறகு வயர் பக்கத்து இரண்டு பின்னையும் ஒரு கம்பியால் இணையுங்கள். 130 டிகிரிக்கு மேல் போக வேண்டும். இரண்டும் நடந்தால் வயரும் ஈசியுவும் நலம், சென்சாரை மாற்றலாம். இந்தக் கம்பி வேலை இரண்டு வயர் சூட்டு சென்சாருக்கு மட்டும்தான். மூன்று வயர் சென்சாரில் செய்தால் 5 வோல்ட்டை நீங்களே ஷார்ட் செய்வீர்கள்.

கூலன்ட் எப்போதும் 55, 60 டிகிரியிலேயே நிற்கிறது என்றால் சென்சாரைத் திட்டும் முன் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று பாருங்கள். சூடு ஏறுகிறது என்று அதைக் கழற்றிப் போட்டுவிடும் பழக்கம் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. இன்ஜின் குளிரிலேயே இருப்பதாக ஈசியு நினைத்து டீசலை அதற்கேற்ப அடிக்கும், மைலேஜ் போகும்.

பூஸ்ட் சென்சார் முழு அழுத்தத்தையும் காட்டும், அதாவது வெளிக் காற்றழுத்தத்தையும் சேர்த்து. ஆகவே இன்ஜின் ஓடாதபோது சென்னையில் 100 கிலோபாஸ்கல் ஒட்டியும், ஓசூரில் 91 அளவிலும், ஊட்டியில் 78 அளவிலும் இருக்க வேண்டும். சென்னையில் 70 காட்டினால் சென்சாரின் அளவு விலகிவிட்டது, அல்லது வாய் எண்ணெய்க் கரியால் அடைத்திருக்கிறது. கழற்றி கான்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவையுங்கள். ஊசி விட்டுக் குத்தினால் உள்ளே இருக்கும் மெல்லிய தகடு போய்விடும். நிற்கும்போது சரி, லோடில் மட்டும் ஏறவில்லை என்றால் இன்டர்கூலர் ஹோஸ் கிழிந்திருக்கும். ஹோஸின் அடிப்பக்கத்தில் ஈரமான எண்ணெய்க் கறை இருக்கும் இடத்தைத் தடவிப் பாருங்கள்.

ரயில் பிரஷர் சென்சாருக்கு ஒரே கணக்குதான். பூஜ்ய பாரில் 0.5 வோல்ட், முழு அளவில் 4.5 வோல்ட். 1,800 பார் சென்சாரில் 1.3 வோல்ட் வந்தால், 0.5-ஐக் கழித்து, 4-ஆல் வகுத்து, 1,800-ஆல் பெருக்குங்கள், 360 பார். ஸ்கேனரும் அதையே காட்ட வேண்டும். நின்று பத்து நிமிடம் ஆன இன்ஜினில் சாவி போட்டால் 0.5 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும்; அங்கேயே 0.8, 0.9 காட்டும் சென்சார் கெட்டது. ஏற்கெனவே மாற்றிவிட்டார்கள் என்பதால், புதியதன் பார்ட் நம்பர் பழையதோடு எண்ணுக்கு எண் பொருந்துகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். வெளித்தோற்றத்தில் எல்லாம் ஒன்று போலவே இருக்கும். 1,800 பார் இடத்தில் 2,000 பார் சென்சார் போட்டால், ஈசியு 1,800 என்று நினைக்கும்போது உள்ளே 2,000 ஓடும். பம்ப்பும் இன்ஜெக்டரும் அதைத் தாங்காது.

பெடல் சென்சாரில் இரண்டு தடம் உண்டு. பல வண்டிகளில் இரண்டாவது எப்போதும் முதலாவதில் பாதி வோல்ட் காட்டும். மெதுவாக மிதித்துக்கொண்டே இரண்டையும் பாருங்கள், பாதிக் கணக்கு எந்த இடத்தில் தவறினாலும் பெடல் தேய்ந்துவிட்டது. ஆயில் பிரஷர் கோட் வந்தால் விவாதமே வேண்டாம், மெக்கானிக்கல் கேஜ் மாட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எல்லா அளவும் சரி, ஆனாலும் கோட் விட்டு விட்டு வருகிறது என்றால் வயரிங்தான். கேபின் சாயும் மூட்டில் வயர்க்கட்டு ஒவ்வொரு முறையும் மடங்கி நிமிர்கிறது. உறை முழுசாக இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். கம்ப்ரசர் பைப், மேனிஃபோல்டு, பிளாக் கிளாம்ப் இந்த இடங்களில் உராயும். நின்ற வண்டியில் எலி கடிக்கும். இன்ஜினை ஐடிலிங்கில் விட்டு வயர்க்கட்டை ஒரு சாண் ஒரு சாணாக அசைத்துக்கொண்டே வாருங்கள், மற்றொருவர் ஸ்கேனரைப் பார்க்கட்டும். ஒரு வயர் மேல் சந்தேகம் வந்தால் ஓம் மீட்டரை நம்பாதீர்கள். ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் அது பூஜ்ய ஓம் காட்டும். ஈசியு கப்ளரையும் சென்சார் கப்ளரையும் இரண்டையும் கழற்றிவிட்டு, அந்த வயர் வழியாக மட்டும் 24 வோல்ட், 21 வாட் பல்பை எரியவிடுங்கள். முழு வெளிச்சம் வந்தால் வயர் நலம், மங்கினால் மாற்றுங்கள். கப்ளருக்குள் பெண் பின்கள் விரிந்திருக்கிறதா என்பதையும் அதே அளவு ஆண் பின் ஒன்றை நுழைத்துப் பாருங்கள். கொஞ்சமாவது பிடித்து இழுக்க வேண்டும். மல்டிமீட்டர் முனையை முன்பக்கமாகத் திணித்துத் திணித்தே பல பின்கள் விரிந்துவிடுகின்றன, அதனால் எப்போதும் கப்ளரின் பின்பக்கமாக மெல்லிய ஊசி விட்டு அளவிடுங்கள். பச்சைப் பூஞ்சை பிடித்த பின்னைச் சுத்தம் செய்து ஓட்டுவது சில நாள் தாங்கும். பின்னையே மாற்றி, ரப்பர் சீலையும் மாற்றினால்தான் அடுத்த மழையையும் தாங்கும்.

பாடி வேலைக்கு வெல்டிங் வைக்கும்போதெல்லாம் இரண்டு பேட்டரி கேபிளையும் ஈசியு கப்ளரையும் கழற்றச் சொல்லுங்கள். வெல்டிங் முடிந்த மறுநாள் ஆரம்பிக்கும் சென்சார் கோளாறுகள் ஏராளம்.

உங்கள் வண்டிக்கு வரிசை இது: ரயில் சென்சார் பார்ட் நம்பர், டேங்க் மூடி, வலை, பேட்டரி எர்த், பிறகு கிராங்க் சென்சாரைக் கழற்றிச் சூட்டில் ஓம் சோதனை. இருக்கும் கோட்களைக் குறித்துவைத்துக்கொண்டு அழித்துவிடுங்கள். அடுத்த முறை நின்றால் எந்தக் கோட் திரும்பி வந்தது, செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் எவ்வளவு, ரயில் பிரஷர் எவ்வளவு என்ற மூன்றையும் எழுதி இங்கே போடுங்கள். அதற்குப் பிறகு வாங்க வேண்டியது ஒரே ஒரு பொருளாகத்தான் இருக்கும்.